படகுத்துறையிலிருந்து இருபது நிமிட நடை

மார்ச் 4, செவ்வாய்

தீவு நாட்டுக் கையேட்டில் இன்றைக்கு ஏழு பக்கம் முடித்தேன். நான் பார்க்காமலே எழுதுகிற பன்னிரண்டாவது நாடு இது. எங்கள் சுற்றுலா நிறுவனத்தின் கையேட்டை நம்பிப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு, அதை எழுதினவளிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது என்று தெரிந்தால் அவ்வளவுதான். இவர் கேலி செய்வார்: "போகாத ஊருக்கு வழி சொல்றதுல உன்னை மிஞ்ச ஆள் இல்லை."

ஆனால் இந்த நாட்டுக்கு எனக்கென்று சொந்தமாக ஒரு ஆள் இருக்கிறது. என் தங்கை, சின்னவள், அங்கே போய் ஏழு வருஷம் ஆகிறது. அந்த நாட்டின் கடைசித் தீவில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் அவளுடைய ஃபோன் வரும். நான் ஒரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

மரமே கிடையாதாம். கறுப்பு மணல். சாலை ஓரமெல்லாம் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள், காற்று வீசும்போது பிடித்துக்கொண்டு நடக்க. கார்க்கதவை ஒரு கையால் திறந்தால் கதவு கையோடு போய்விடும். சரிவுகளில் பொந்து தோண்டி வாழும் ஒரு குண்டுப் பறவை, கடைக் கதவு திறந்திருந்தால் நேரே உள்ளே வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்ளுமாம். யாரும் துரத்துவதில்லை, அதுவாகப் போகும்வரை அந்த மாவை விற்பதில்லை. அங்கே யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. எதிரே வருகிறவரிடம் கேட்பது, "படகு வந்ததா?" தெரிந்தாலும் கேட்பார்கள். ஆட்டு வேலிக் கதவுக்கு ஒரு சட்டம் உண்டு. திறந்தவர்தான் மூடவேண்டும். ஆடு தப்பினால் ஆட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: கதவைத் திறந்தது யார்?

எல்லாம் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி, அதற்குக் கீழே "எப்படிப் போவது" என்று ஒரு வரி. பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்குக் காகிதத்தில் ஒன்றும் குறிக்கவில்லை.

அம்மா போய் நாலு மாதம். போன நவம்பரில் அம்மா இறந்தபோது சின்னவளால் வரமுடியவில்லை. நாலு நாள் காற்று, படகு இல்லை, விமானமும் இல்லை. அந்த நாலு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. இன்றைக்கு அவளாகவே சொன்னாள்.

"மூணாவது நாள் தபால்காரம்மா வந்து கதவைத் தட்டினா. துண்டு எடுத்துட்டு வான்னா. வேற ஒண்ணும் சொல்லலை."

படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில், பச்சைத் தகரக் கூரை போட்ட ஒரு ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தரையிலிருந்து வெந்நீர் ஊறுகிற குட்டை. சுற்றிலும் கல் அடுக்கியிருக்கிறது. ஊரில் ஒரு பெண்ணின் வீட்டில் யாராவது இறந்துவிட்டால், மற்ற பெண்கள் அவளை அங்கே கூட்டிப்போய் நடுவில் உட்கார வைக்கிறார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி அவள் தலையைத் தேய்த்து விடுகிறார்கள். யாரும் பேசுவதில்லை. ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. அந்த இடத்துக்குப் பெயரில்லை, பலகை இல்லை, ஊருக்குள் யாரும் அதைப்பற்றி வாய்திறப்பதும் இல்லை.

"ஆறு வருஷம் என்னை ஒரு வீட்டுக்குள்ளகூடக் கூப்பிடாதவங்க அக்கா. நர்ஸ், அவ்வளவுதான். அன்னிக்கு ஒன்பது பேர் வந்தாங்க. அங்கதான் நான் அம்மாவுக்கு அழுதேன்."

பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாதே. மாமாகிட்டகூட."

"சரிடி," என்றேன்.

மார்ச் 10, திங்கள்

அம்மா போன அன்றைக்கு நான் என்ன செய்தேன்? டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினேன். வாடகைக்கு எடுத்த கட்டிலையும் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டேன். என் தலையை நானேதான் தேய்த்துக் குளித்தேன்.

ச்சே. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

எங்கள் மேனேஜருக்கு ஆபீஸில் "அவசரம்" என்று பெயர். அவருக்கும் தெரியும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு, "பலருக்கும் தெரியாதது" என்று. அதற்காகத்தான் எங்கள் கையேடு விற்கிறது. பறவையைக் கொடுத்தேன், கயிற்றைக் கொடுத்தேன், "படகு வந்ததா"வைக் கொடுத்தேன். மூன்றையும் திருப்பி அனுப்பினார்.

"இதெல்லாம் வலைத்தளத்துல வந்தாச்சு மேடம். நாளைக்கு அச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு குடுங்க."

நாலு மணிக்கு எழுதினேன். அதில் சின்னவள் இல்லை, அம்மா இல்லை, தபால்காரம்மா இல்லை. "கடைசித் தீவின் பெண்கள் துக்கத்தைக் கழுவும் வெந்நீர்க் குட்டை." நன்றாக எழுதியிருக்கிறேன், அதுதான் கொடுமை. எழுதி முடித்ததும் கை தானாகக் கீழே இறங்கியது: "எப்படிப் போவது: படகுத்துறையிலிருந்து இருபது நிமிட நடை. பச்சைத் தகரக் கூரை போட்ட ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால்."

பழக்கம். வேறென்ன.

"இதுதான் மேடம் வேணும்," என்றார் அவசரம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதக்கூடாது — சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

அச்சுக்குப் போயிற்று. மூன்று மொழிகளில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"கையேடு வந்துச்சா? எனக்கு ஒண்ணு அனுப்பேன், எங்க ஊரைப்பத்தி நீ எழுதினதைப் படிக்கணும்," என்றாள். இன்னும் வரவில்லை என்றேன். ஒரு கட்டு, பிரிக்காமல், என் மேஜைக்குக் கீழே கிடக்கிறது.

எங்க ஊர் என்றாள். முதல் தடவையாக.

ஜூன் 15, ஞாயிறு

ஃபோனை எடுத்ததும் அழுகை.

அந்த ஊர்த் தச்சர் போன வாரம் இறந்துவிட்டாராம். அவர் மனைவியைக் குட்டைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். சின்னவளும் போயிருக்கிறாள், இப்போது அவளும் தலை தேய்த்துவிடுகிறவர்களில் ஒருத்தி. பாதியில் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும். வேறு ஏதோ நாட்டுக்காரர்கள். கையில் கேமரா.

"அந்தம்மா நடுவுல உட்கார்ந்திருக்காங்க அக்கா. மேல துணி இல்லை. வந்தவங்க சிரிச்சுட்டுக் கையாட்டறாங்க."

அதற்குப் பிறகு இரண்டு குழு வந்துவிட்டதாம். ஊர்ப் பெண்கள் குட்டைப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. புதிதாக உள்ளே வந்தவள் இவள் ஒருத்திதான்.

"நான் உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ சொல்ல மாட்டே."

"நானா? நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?"

இதை என் வாயால் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

மேஜைக்குக் கீழிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

கேட்டால் நம்பமாட்டாய் என்று ஆரம்பித்தாள். யாரென்று கண்டுபிடித்துவிட்டாளாம். படகுத்துறை டிக்கெட்காரர்.

"வர்றவங்க எல்லார்கூடவும் வாயடிக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அவர் பொண்டாட்டி எங்க இல்லத்துல சமையல், குட்டைக்கும் வருவா. அவ சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

நேற்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவர் மறுத்தாராம். யாரும் நம்பவில்லை. இப்போது டிக்கெட் கொடுக்கிற ஜன்னலின் கண்ணாடியை மூடியே வைத்திருக்கிறார், இடுக்கு வழியாகச் சீட்டைத் தள்ளுகிறார். அவர் மனைவியிடம் யாரும் பேசுவதில்லை. "படகு வந்ததா" என்றுகூட யாரும் கேட்பதில்லையாம்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா செஞ்சது தப்புதானே அக்கா?"

தப்புதான் என்றேன். கடவுளே. தப்புதான் என்றேன்.

ஒருத்தி செய்ததற்கு, முகம்கூடத் தெரியாத ஒரு மனுஷன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். நான் வாயைத் திறந்தால் முடிந்தது. ஏன் திறக்கலை? அவ என்னை என்ன நினைப்பான்னுதானே? அம்மாவுக்கு அப்புறம் அவளுக்கு இருக்கிறது நான் ஒருத்தி. எனக்கும் அவ ஒருத்திதான். அதான் பயம். வேற ஒரு வெங்காயமும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சொல்ல வேண்டியதை எங்கிட்ட ஏன் சொல்றே?" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் வீசுகிற காற்றின் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்:

"கடைசிப் பக்கத்துலயா?"

"ஆமா."

"எப்படிப் போவதுன்னு போட்டியா?"

"போட்டேன்."

"சரி. எனக்கு டியூட்டி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி கிடையாது. ஏழு வருஷமாகக் கிடையாது.

ஜூலை 13, ஞாயிறு

ஃபோன் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

இல்லை. காலையிலிருந்து ஃபோனைக் குளியலறைவரை தூக்கிக்கொண்டு திரிந்தேன். இவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கையேடு தீர்ந்துவிட்டது, மறுபதிப்பு. கடைசிப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவசரம் சிரித்தார்.

"அதைப் பார்த்துட்டுத்தானே மேடம் வர்றாங்க. உண்மையான விஷயம்தானே?"

உண்மை என்று சொன்னால் எடுக்கமாட்டார். "இல்லை சார். நான் கற்பனையா எழுதினது," என்றேன்.

பதினாறு வருஷத்தில் நான் ஒரு படகு நேரத்தைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை," என்றார். பக்கம் போயிற்று. வலைத்தளத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கடைசிக் கட்டம் இனி எனக்கு இல்லை, எதிர் மேஜைக்காரி எழுதுவாள். நான் எழுதுவதையெல்லாம் அவளே சரிபார்க்கவும் வேண்டுமாம்.

வேண்டும் எனக்கு. நன்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று பாஸ்போர்ட் வந்தது. புகைப்படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது.

"வரேன்" என்று செய்தி அனுப்பினேன். அரைநாள் கழித்துப் பதில் வந்தது: "காத்து அதிகம். கனமான கோட் எடுத்துட்டு வா." ஏழு வாரத்தில் அவள் எழுதிய முதல் வரி. பத்துத் தடவை படித்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்று விமானம், ஒரு பேருந்து, ஒரு படகு.

படகில் ஒன்று புரிந்தது. இந்த நாட்டைப்பற்றி அறுபத்து நாலு பக்கம் எழுதினவளுக்கு இதன் வாசனை தெரியாது. எரிந்த தீக்குச்சி வாசனை, அதோடு ஈரக் கம்பளி. பசுமை என்று எழுதியிருந்தேன். பசுமை இல்லை, பாசி. அதற்கடியில் கல், கருகின கல், கண்ணுக்கெட்டின மட்டும். மலைச்சரிவில் அங்கங்கே தரையிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்புகிறது, யாரோ உள்ளே அடுப்பு மூட்டியிருக்கிற மாதிரி. அழகு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

சின்னவள் துறையில் நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள், கட்டிக்கொள்ளவில்லை. டிக்கெட் ஜன்னலைத் தாண்டும்போது வேகமாக நடந்தாள். நான் சொன்னதை அவளும் இன்னும் ஊரில் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். மூடின கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தலை ஒன்று குனிந்திருந்தது.

செப்டம்பர் 17, புதன்

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். ஒரு வளைவில் நின்றாள். கீழே பச்சைக் கூரை தெரிந்தது, அதற்குப் பின்னால் ஆவி.

"பாக்கணுமா?"

"வேண்டாம்."

"பாத்தாலும் ஒண்ணும் இல்லை. பாட்டிலும் காகிதமும்தான் கிடக்கு. எங்க பொம்பளைங்க இப்ப வேற எங்கயோ போறாங்க. எங்கன்னு எனக்குத் தெரியாது. ஆகஸ்ட்ல ரெண்டு சாவு. என்னைக் கூப்பிடலை. என்மேலயும் சந்தேகம் இருக்கு."

அப்போதுதான் அதைச் சொன்னேன். மேனேஜர் மட்டும் காரணமில்லை என்று. உனக்கு வெந்நீரும் ஒன்பது பேரும் கிடைத்தார்கள், இரண்டு வருஷம் அம்மாவுக்குப் படுக்கை மாற்றின எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை என்று வயிறெரிந்தது. எழுதும்போது அந்த எரிச்சலும் என் கையில் இருந்தது. காற்றில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கேட்காது.

"இதை அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"எப்படிடி சொல்றது?"

அவளும் அழுதாள், நானும் அழுதேன். எதிரே ஆடு மேய்க்கிற ஒருவர் வந்தார். எங்களைப் பார்த்தார், நின்றார், "படகு வந்ததா" என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

கடையில் சொல்வது என்று முடிவாயிற்று. ஊருக்கு அது ஒன்றுதான், வியாழக்கிழமைகளில் எல்லாரும் அங்கே இருப்பார்கள். தபால்காரம்மா இருந்தார், தச்சர் மனைவி இருந்தார், இன்னும் நாலைந்து பேர். டிக்கெட்காரரையும் அவர் மனைவியையும் சின்னவளே வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தாள். அவர் தொப்பியைக் கழற்றாமல் கதவோரம் நின்றார்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டிக்கெட்காரர் சொல்லவில்லை. என் தங்கை யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். மீறினது நான். எழுதினது நான். கேட்டபோது பொய் சொன்னதும் நான். அவளை ஒதுக்காதீர்கள்.

பாஷை தெரியாத ஊர். அவள்தான் சொல்ல வேண்டும். நான் அவ்வளவு பேசினதற்கு அவள் நாலே வார்த்தை சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவள்மேல்தான். பிறகு அவள் டிக்கெட்காரர் முன்னால் போய் நின்று தனியாக ஏதோ சொன்னாள். அவர் சரியென்று தலையை ஆட்டினார். தபால்காரம்மா தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன், "என்னடி சொன்னே?"

"கதவைத் திறந்தது நான்னு சொன்னேன்."

"நான் சொல்லச் சொன்னது அது இல்லையே. நான்தான்னு—"

"இங்க அப்படித்தான் அக்கா. நீயே எழுதியிருக்கே. கதவைத் திறந்தவங்களைத்தான் கேப்பாங்க, ஆட்டை யாரும் கேக்கமாட்டாங்க."

"அப்ப நான் ஆடா?"

"பின்னே?"

லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து, என் பாவத்தைக்கூட அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு இந்த ஊரில் இடமில்லை.

செப்டம்பர் 20, சனி

படகு ஏறும்போது ஜன்னல் கண்ணாடி பாதி திறந்திருந்தது. டிக்கெட்காரர் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சின்னவளிடம் ஏதோ சொன்னார்.

"வலது பக்கம் உட்காரச் சொல்றார். இடது பக்கம் அலை அடிக்குமாம்," என்றாள்.

வலது பக்கம் உட்கார்ந்தேன். அப்படியும் நனைந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஃபோன் செய்தாள். ஐந்து நிமிஷம். இல்லத்தில் புதுக் கொதிகலன் வைத்திருக்கிறார்களாம். கேட்டுக்கொண்டேன். கடையில் சில பேர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள், தபால்காரம்மா இன்னும் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றைக்குப் பதினைந்து நிமிஷம். பக்கத்தில் காகிதம் வைத்துக்கொள்வதில்லை இப்போதெல்லாம். பேனாவைக்கூட வேறு அறையில் வைத்துவிட்டு வருகிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வழக்கமான நேரத்துக்கு ஃபோன் வரவில்லை. நான் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் பழைய கதையோ என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். டிக்கெட்காரரின் அக்கா போன வியாழக்கிழமை இல்லத்தில் இறந்துவிட்டாராம். இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே உயிர் போயிருக்கிறது. அந்தம்மாவின் மகள் பெரிய தீவிலிருந்து வந்திருக்கிறாள்.

"காலையில தபால்காரம்மா வந்து கதவைத் தட்டினா. அதான் லேட். டிக்கெட்காரர் பொண்டாட்டியும் நானும் சேர்ந்துதான் போனோம்."

"எங்கடி போனீங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஒரு இடத்துக்கு," என்றாள்.

காலையில் என்ன சாப்பிட்டாள், எந்தக் கிழவர் யாரோடு சண்டை போட்டார், எந்தச் செருப்பு கடித்தது என்று ஒன்று விடாமல் என்னிடம் ஒப்பிக்கிறவள். இதைச் சொல்லமாட்டாள். நான் சாகிறவரைக்கும் சொல்லமாட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவமானமாகவும் இருந்தது.

"குளிரா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றாள்.